செயலியின் அமைப்பும் சேவையகத்தின் திறனும்

பரீட்சைப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியாகும் நாளில், ஈச்சிலம்பற்று முதற் கொழும்பு ஈறாகப் பல்லாயிரவர் ஒரே வேளையிற் சேவையகக் கணினியை வினவுவர். கடிகார வேகம் மிக்க செயலி இருப்பின் அக்கணினி தளராது விடையளிக்கும் என எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாதென்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், நம்மவர் அத்துறையைப் படகிலும் பாதையிலுமே கடந்தனர். ஒருவர் மட்டும் விரைந்து செல்ல ஒரு விசைப்படகு போதும். கரையில் நூறுபேர் காத்து நிற்பின், பல படகுகள் ஒருங்கே ஓடுதல் வேண்டும். செயலியினுள் இருக்கும் கோர்கள் அப்படகுகள் போன்றன. நீண்டதொரு கணக்கிற்கு விரைவான சில கோர்கள் சிறந்தன. சிறு வினாக்கள் பலவற்றிற்குக் கோர்களின் தொகையே பெரிதும் உதவும்.

எனினும் தொகையை எண்ணுமிடத்தும் விழிப்பு வேண்டும். வாடகைக் கணினிகளில், எக்ஸ்86 வகைச் செயலிகள் பலவற்றில் ஒரு கோரை இரண்டு இழைகள் பகிர்ந்துகொள்வதால், எட்டு எனப்படுவது உண்மையில் நான்கு கோர்களே. 2018இல் அமேசன் நிறுவனம் அறிமுகஞ்செய்த ஆர்ம் வகைக் கிராவிற்றன் செயலியிலோ எட்டு என்பது எட்டு முழுக் கோர்களாம்.

இனி மென்பொருளை நோக்குவாம். ஒரு வகையின் அறிவுறுத்தல் தொகுதிக்கெனத் தொகுக்கப்பட்ட மென்பொருள் மற்றொரு வகையில் நேரே இயங்காது. தொகுப்பானால் மீளத் தொகுத்தல் வேண்டும். மறையாக்கம், தரவுச் சுருக்கம் ஆகிய பகுதிகள் ஒரு வகைக்கே நுணுக்கமாக எழுதப்பட்டிருப்பின், மற்றதில் அவற்றின் வேகம் குன்றும். நினைவகத்தில் எழுதியவற்றை எக்ஸ்86 எழுதிய வரிசையிலேயே பிற கோர்களுக்குக் காட்டும். ஆர்ம் அவ்வரிசை மாறவும் இடந்தரும். ஆதலால், முன்னதில் மறைந்துகிடந்த பிழை பின்னதில் வெளிப்படுதல் உண்டு.

அறிவுறுத்தல் தொகுதி ஒன்றே திறனை வரையறுப்பதுமன்று. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிக் குடும்பம், எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்க றிஸ்க்-பைவ் தொகுதியைத் தழுவியது. அக்குழுவினர் சிறு கருவிகளுக்கு ஒரு வகுப்பும் சேவையகங்களுக்கு வேறொரு வகுப்புமாக வகுத்தனர். மொழி ஒன்றாயினும், கோர்களின் தொகை, பதுக்கு நினைவகத்தின் அளவு, உள்ளமைப்பு என்பன தொழிலுக்கேற்ப வேறுபடும்.

ஆகவே, நாளை பொதுப்பணத்திற் கணினி தெரிவுசெய்யவிருக்கும் எம் மாணாக்கர், விளம்பர எண்களை மட்டும் நம்பாதொழிக. தம் மென்பொருளையே இருவகையிலும் இயக்கி, நொடிக்கு எத்தனை விடை கிடைக்கின்றது, மிகப் பிந்திய விடை எவ்வளவு பிந்துகின்றது, அதற்குச் செலவு யாது என மூன்றையும் அளந்து தெளிக. அளந்தறிந்து கொண்டதே சிறந்த செயலி.