வைத்தியரிடம் மறைக்கலாகாத மருந்து

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில், முன்பு ஏர் பிடித்த கைகள் பல இன்று ஆலைகளில் உழைக்கின்றன. வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் அவ்வூர்களில் தங்கியிருக்கின்றனர். அத்தகைய தொழிலாளி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் மாதந்தோறும் மாத்திரை பெற்று, நலமாக வேலைக்குப் போய் வருகிறார். பின்னர் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் 'சி' என்னும் கிருமியும் அவர் இரத்தத்தில் இருப்பது தெரிய வருகிறது. அதற்காக வேறொரு வைத்தியரிடம் செல்கிறார். முதல் மாத்திரையைப் பற்றி அங்கே வாய் திறப்பதில்லை. காரணம் வெட்கம், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். இந்த மௌனத்தால் விளையும் கேட்டினைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இவ்விரு கிருமிகளும் இரத்தத்தின் வழியே பரவுபவை. ஆகவே இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதுண்டு. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கும் பயன்படுத்துவது இரண்டுக்கும் வழி திறக்கும். சுத்தம் செய்யாத சவரக் கத்தியும், திருவிழாக் கடையில் பச்சை குத்தும் ஊசியும் ஹெபடைடிஸ் 'சி'யைக் கொண்டுவரக் கூடும். எச்.ஐ.வி. உள்ளவரின் கல்லீரல் இக்கிருமியால் விரைவாகக் கெடும். எனவே சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தகாது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து வழங்கும் பணி தொடங்கியது. ஹெபடைடிஸ் நோய்க்கான தேசியத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்டது. சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர் என்னும் மாத்திரைகளை 12 வாரங்கள் உட்கொண்டால் பெரும்பாலோர் ஹெபடைடிஸ் 'சி'யிலிருந்து முற்றிலும் குணமடைகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் எண்ணிப் பார்க்கவும் இயலாத நன்மை இது.

ஆயின் மருந்துகள் தனித்தனியே வேலை செய்பவை அல்ல. ஏரியை நினைத்துப் பார்ப்போம். கல்லீரலில் உள்ள சில நொதிகள், இரத்தத்தில் தேங்கும் மருந்தை வெளியேற்றும் மதகு போன்றவை. எச்.ஐ.வி.க்குத் தரப்பட்டு வந்த எபவிரென்ஸ் அந்த மதகை அகலத் திறந்துவிடும். டக்ளடாஸ்விர் விரைவில் வடிந்துபோகும். ஆதலால் அதன் அளவை 60 மில்லிகிராமிலிருந்து 90 ஆக உயர்த்த வேண்டும். ரிட்டோனவிர் சேர்ந்த அடசனவிரோ மதகை அடைத்துவிடும். அப்போது 30 மில்லிகிராமே போதும். நோயாளி தாம் உண்பதை மறைத்தால், வைத்தியர் எந்த அளவென்று முடிவு செய்வார்?

2020 முதல் நம் நாட்டு மையங்களில் டொலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை பெரும்பாலோருக்கு வழங்கப்பட்டு வருவதால் இத்தொல்லை மிகவும் குறைந்துள்ளது. டக்ளடாஸ்விரின் அளவை அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எனினும் தொல்லை அடியோடு ஒழிந்துவிடவில்லை. காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் மதகை முழுவதும் திறந்துவிடுவது. அதனுடன் ஹெபடைடிஸ் 'சி' மருந்துகளைச் சேர்த்து உண்ணலாகாது. டொலுடெக்ராவிரையும் அப்போது நாளொன்றுக்கு இருவேளை கொடுக்க நேரிடும். நெஞ்செரிச்சலுக்கென்று கடையில் வாங்கும் மாத்திரையும் குற்றமற்றதன்று. அமிலம் குறைக்கும் மருந்துகள் வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைத் தடுக்கும். மக்னீசியம், அலுமினியம் கலந்தவை டொலுடெக்ராவிரையும் தடுக்கும். நீரிழிவுக்கான மெட்பார்மின் டொலுடெக்ராவிருடன் சேரும்போது இரத்தத்தில் மிகும். அதன் அளவையும் வைத்தியர் கவனித்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஹெபடைடிஸ் 'சி' மருந்து தொடங்கும் முன் 'பி' வகைக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். 'சி' அடங்கும்போது, உறங்கிக் கிடந்த 'பி' தலைதூக்குவதுண்டு.

வெட்கத்தை விட்டுவிடுங்கள் என்று உபதேசிப்பது எமக்கு எளிது. அவமானத்தைத் தாங்குபவர் நோயாளி. அவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவருடைய நிலையை அவர் இசைவின்றிப் பொதுவாக எவரும் வெளியிடலாகாது. தொற்றைக் காரணமாகக் காட்டி வேலையிலிருந்து பாகுபாடாக நீக்கவும் கூடாது. ஐயமுள்ளோர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தை நாடலாம்; 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆலை மருந்தகத்தில் கொடுத்தது, கடையில் வாங்கியது, நாட்டு வைத்தியர் கட்டிக் கொடுத்த பொடி ஆகிய அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்தியரின் மேசைமேல் கொட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், தமிழ் பேசத் தெரியாத வெளிமாநிலத் தோழரும் இதனைச் செய்யலாம்.