"எதைப் பார்த்து எழுதினாய், தம்பி?"

வருஷக் கடைசியில் சித்திரக் கலாசாலைகளில் மாணாக்கர்களின் படைப்புக்களைப் பொருட்காட்சியாக வைப்பது வழக்கம். தாய் தந்தையர் நல்ல உடை உடுத்திக்கொண்டு வருகிறார்கள். பையனோ பெண்ணோ தான் எழுதிய படத்தின் அருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வருகிறவர்கள் இரண்டு கேள்விகளை வாய்விட்டுக் கேட்கிறார்கள். "இது என்ன?" என்பது முதற் கேள்வி. "இதை எதைப் பார்த்து எழுதினாய்?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை அநேகமாய் யாரும் அங்கே கேட்பதில்லை, வீடு திரும்பும் வழியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். "இதனால் சாப்பாடு கிடைக்குமா?" என்பதே அது.

மூன்று கேள்விகளும் நியாயமானவையே. ஆனால் இரண்டாவது கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிட்டால், மற்ற இரண்டும் தாமே தெளிந்துவிடும் என்பது நம் அபிப்பிராயம். நம் தேசத்தில் ஒரு கலாசாலை அந்த ஒரு கேள்வியையே தன் பாடமாக வைத்துக்கொண்டு வளர்ந்தது. வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1919-இல் தொடங்கிய கலாபவனம்தான் அது. அதன் மாணாக்கர்கள் எதைக் கண்டு எழுதினார்கள் என்பதைச் சற்று விசாரிப்போம்.

பிளாஸ்டர் பொம்மைகள்

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று தெரியவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கம் நம் நகரங்களில் சித்திரப் பள்ளிகளை நடத்தியது. சென்னைப் பள்ளிதான் அவற்றில் மூத்தது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-இல் அதை ஏற்படுத்தினார். இத்தகைய பள்ளிகளில் மாணாக்கன் கண்முன் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்கள் நிற்கும். அவற்றின் மூக்கையும் முழங்காலையும் பிசகில்லாமல் எழுதக் கற்றவன் தேறினவன். "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டால், "மேஜைமேல் வைத்ததைப் பார்த்து" என்பதுதான் விடை.

இந்த நிலையை மாற்ற முற்பட்டவர்களில் ஒருவர், ஆச்சரியமாக, ஓர் ஆங்கிலேயரே. ஈ. பி. ஹாவெல் என்பவர் முதலில் சென்னைப் பள்ளியில் தலைவராயிருந்தார். பிறகு 1896-இல் கல்கத்தாப் பள்ளிக்குப் போனார். அங்கே மொகலாயச் சித்திரங்களையும் பழைய இந்தியச் சிற்பங்களையும் மாணாக்கர்களின் பார்வைக்குக் கொண்டுவந்தார். அவருக்குத் துணையாக நின்றவர் அவனீந்திரநாத தாகூர். அவனீந்திரரின் தலைமாணாக்கர் நந்தலால் போஸ்.

ஐந்நூறு ரூபாய்ப் பரிசு

நந்தலாலுடைய கதை நம் வீடுகளில் நடக்கும் கதைதான். 1882-ஆம் வருஷம் பிறந்த அவரை வீட்டார் காலேஜில் சேர்த்தார்கள். வர்த்தகப் படிப்புப் படிக்க வைத்தார்கள். புஸ்தகம் வாங்கக் கொடுத்த பணம் சித்திரப் பத்திரிகைகளாக மாறியது, பரீக்ஷைகளோ கைகொடுக்கவில்லை. கடைசியில் 1905-இல் கல்கத்தாச் சித்திரப் பள்ளியில் அவனீந்திரரிடம் வந்து சேர்ந்தார்.

அவர் மாணாக்கராயிருந்தபோதே, 1908-இல், இந்தியக் கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தின் பொருட்காட்சியில் அவருடைய 'சிவனும் சதியும்' என்ற படத்துக்கு ஐந்நூறு ரூபாய் பரிசு கிடைத்தது. அந்த நாளில் ஐந்நூறு ரூபாய் என்பது ஒரு குடும்பம் நீண்டநாள் கவலையின்றி இருக்கப் போதுமான தொகை. நந்தலால் அதை என்ன செய்தார்? தேசத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்! கோயில்களையும் சிற்பங்களையும் ஊர்களையும் கண்ணாரப் பார்த்தார். பிறகு, சக மாணாக்கர் சிலருடன் அஜந்தாவுக்குச் சென்று, ஹெர்ரிங்ஹாம் சீமாட்டியின் கீழ் அங்குள்ள சுவர்ச் சித்திரங்களைப் பிரதி செய்தார். மைசூரிலிருந்து வந்த மாணாக்கரான வெங்கடப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அதாவது, மாணாக்கப் பருவத்திலேயே நந்தலால் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்: கைக்குப் பயிற்சி பள்ளிக்கூடத்தில் கிடைக்கும், கண்ணுக்குப் பயிற்சி வெளியில்தான் கிடைக்கும்.

செம்மண்ணும் பனைமரமும்

இந்த மனிதர்தான் பின்னால் கலாபவனத்தின் தலைமையை ஏற்று, 1951 வரையில் அதை நடத்தினார். சாந்திநிகேதனம் இருக்கும் வீரபூமி ஜில்லா செழிப்புக்குப் பேர்போன இடமல்ல. செம்மண் நிலம், மழை அரித்த ஓடைகள், அங்கங்கே பனைமரங்கள், அருகே சந்தால் மக்களின் கிராமங்கள். நந்தலால் தம் மாணாக்கர்களை இந்த வெளியில்தான் அனுப்பினார். அவர் தாமே தினந்தோறும் சிறு அட்டைகளில் கண்ட காட்சிகளைக் கோட்டுருவமாக எழுதிக்கொண்டேயிருப்பார்; தபால் கார்டுகளில் எழுதி மாணாக்கர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவார்.

அவர் கற்பித்த முறையைப் பற்றிச் சத்தியஜித் ராய் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் சினிமாவில் உலகப் புகழ் பெற்ற ராய், 1940 முதல் 1942 வரையில் கலாபவனத்தில் மாணாக்கராயிருந்தவர். பசு ஒன்றை மாணாக்கன் எழுதினால், வெளிக்கோடு சரியாயிருக்கிறது என்பதோடு ஆசிரியர் விட்டுவிடமாட்டாராம். தோலுக்கு அடியில் சதையும் எலும்பும் இருப்பதை எழுதுகிறவன் உணரவேண்டும்; அந்த உணர்ச்சி பென்ஸில் முனையில் தெரியவேண்டும் என்பாராம். ராய் தம் தாயாரின் விருப்பத்துக்காகவே அரைமனத்துடன் சாந்திநிகேதனம் போனவர். ஐந்து வருஷப் படிப்பை முடிக்காமலே திரும்பியவர். ஆனாலும் அங்கிருந்தபோது சக மாணாக்கர்களுடன் அஜந்தா, எல்லோரா, ஸாஞ்சி, கோனாரக் முதலிய இடங்களுக்குச் சென்று வந்ததைப் பெரும் பாக்கியமாகக் கருதினார். 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யில் நாணற்பூவையும் குளத்துநீர்ப் பூச்சியையும் அத்தனை நேரம் பொறுமையாகப் பார்த்த கண், எங்கே பயிற்சி பெற்றது என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

நாலு மாணாக்கர், நாலு விடை

கலாபவனத்து மாணாக்கர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தூண்டுதல் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்தது.

ராம்கிங்கர் பைஜ், பாங்குராவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்க நாட்களில் தேசத் தலைவர்களின் படங்களை ஊர்வலங்களுக்காக எழுதிக் கொடுத்த பையன். 1925-இல் சாந்திநிகேதனம் வந்தவர் அங்கேயே ஆசிரியருமானார். சுமை தூக்கிக்கொண்டு, குழந்தையும் நாயுமாக, பிழைப்புத் தேடிப் போகும் ஒரு சந்தால் குடும்பத்தை 1938-இல் திறந்த வெளியில் பிரம்மாண்டமான சிலையாக அமைத்தார். சலவைக்கல்லும் வெண்கலமும் வாங்க வசதியில்லை. அதனால் சிமெண்டையும் அந்த ஊர்ச் செம்பாறைக் கற்களையும் கலந்து செய்தார். எந்த மண்ணில் அவர்கள் நடந்தார்களோ அந்த மண்ணிலேயே அவர்கள் உருவெடுத்தார்கள்!

வினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண் பார்வையில்லை, மற்றதும் மங்கல். மற்றப் படிப்புக்கு லாயக்கில்லை என்று கருதப்பட்ட அந்தப் பையன் 1919-இல் கலாபவனத்தின் முதல் மாணாக்கர்களில் ஒருவனானான். பிற்பாடு 1940-இல் மாணாக்கர் விடுதியின் கூரையில் வீரபூமிக் கிராமத்தின் குளம், மரம், மாடு, மனிதர் எல்லாவற்றையும் எழுதினார். 1946-47-இல் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் மத்திய காலத்துப் பக்தர்களின் வரலாற்றை நீண்ட சித்திரமாகத் தீட்டினார். கபீர், துளஸிதாஸர், ஸூர்தாஸர் ஆகியோருடன் நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரும் அந்தச் சுவரில் இருக்கிறார். சில வருஷங்களுக்கெல்லாம் அவருடைய பார்வை அடியோடு போய்விட்டது. அதன் பின்னும் கைவிரல்களால் தடவிப் பார்த்து உருவங்கள் செய்தார். அவரைப் பற்றி ராய் 1972-இல் எடுத்த சிறு படத்துக்கு 'அகக்கண்' என்ற பொருள்படும் பெயரை வைத்தார்.

ஹிந்தி பவனச் சுவரில் அவருக்கு உதவி செய்த மாணாக்கர்களில் ஒருவர் நம்மவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். 1942-ஆம் வருஷம் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். சிறையிலிருந்து வந்தபோது சர்க்கார் காலேஜ்களின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஒரு கதவு அடைந்தபோது இன்னொரு கதவு திறந்தது; 1944-இல் கலாபவனம் சேர்ந்தார். அன்று அந்தப் பெற்றோர் பட்ட கவலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். படிப்பும் போயிற்று, உத்தியோகமும் போயிற்று, பிள்ளை படம் எழுதப் போகிறான்! அந்தப் பிள்ளை பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் பல தலைமுறை மாணாக்கர்களுக்குக் குருவாகி, 2012-இல் பத்மவிபூஷண் விருது பெற்று, 2016-இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.

ஹரிபுராவின் சுவர்கள்

மாணாக்கர்களின் சித்திரம் தேசத்தின் காரியமாக மாறிய கதை ஒன்று உண்டு. 1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா என்ற கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸின் அக்கிராசனத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தல்களை அலங்கரிக்கும் பொறுப்பை மகாத்மா காந்தி நந்தலாலிடம் ஒப்படைத்தார். அலங்காரம் கிராமத்தில் கிடைக்கும் பொருள்களால் ஆகவேண்டும். அந்த வழியே போகும் கிராமவாசிக்கு விளங்கவேண்டும். இதுவே மகாத்மாஜியின் விருப்பம்.

நந்தலால் அங்குள்ள கிராமங்களில் சுற்றி, மக்களை எழுதிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவரும் மாணாக்கர்களுமாகச் சேர்ந்து சுமார் நானூறு படங்களைத் தயார் செய்தார்கள். கையால் செய்த காகிதம். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த வர்ணங்கள். காளிகட்டத்துப் பட சித்திரக்காரர்களைப் போன்ற விரைவான, தடித்த கோடுகள். அந்தப் படங்களில் ராஜாக்கள் இல்லை. மேளம் அடிக்கிறவன், செருப்புத் தைக்கிறவன், தச்சன், சமையல் செய்கிறவள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று உழைக்கும் ஜனங்களே நிறைந்திருந்தார்கள். தன்னைப் போன்ற ஒருவன் சித்திரத்தில் எழுதத்தக்கவன் என்பதைக் குடியானவன் அன்று கண்டுகொண்டிருப்பான். சுயராஜ்யம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் ஏது?

மிருகக்காட்சி சாலைச் சிங்கம்

சுயராஜ்யம் வந்தபின் அரசியல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் மூலப் பிரதியைக் கையாலேயே எழுதி, சித்திரங்களால் அலங்கரிக்க முடிவு செய்தார்கள். அந்தப் பணி நந்தலாலுக்கும் அவருடைய மாணாக்கர்களுக்கும் வந்தது. சிந்து சமவெளியின் முத்திரையிலிருந்து நவகாளி யாத்திரை வரையில் தேசத்தின் கதை அந்தப் பக்கங்களின் தலைப்பில் ஓடுகிறது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் சோழர் காலத்து நடராஜர் திருமேனியும் அங்கே இடம்பெற்றிருக்கின்றன. முகவுரைப் பக்கத்தின் வேலைப்பாட்டைச் செய்தவர் ஜபல்பூரைச் சேர்ந்த மாணாக்கர் பியோஹார் ராம்மனோஹர் சின்ஹா. அதன் ஓர் ஓரத்தில் 'ராம்' என்று நாகரி எழுத்தில் அவர் தம் கையெழுத்தைச் சிறியதாக வைத்திருக்கிறார்.

ஸாரநாத்தில் அசோகர் ஸ்தம்பத்தின் உச்சியிலிருந்த சிங்கங்களை எழுதும் வேலை தீனாநாத் பார்கவா என்ற இளைஞருக்குக் கிடைத்தது. அவருக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். கல்லில் செதுக்கிய சிங்கம் கண்முன் இருக்கும்போது அதைப் பார்த்து நகல் எடுத்தால் போதாதா? போதாது என்று அந்த இளைஞர் நினைத்தார். கல்கத்தா மிருகக்காட்சி சாலைக்குப் பலமுறை போய், உயிருள்ள சிங்கம் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்பிப் பார்க்கிறது, முகபாவம் எப்படி மாறுகிறது என்று கவனித்து வந்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் அந்தக் கல்லைச் செதுக்கிய சிற்பியும் எங்கேயோ ஒரு சிங்கத்தைப் பார்த்திருப்பான் அல்லவா? நகலைப் பார்த்து நகல் எடுக்காமல், மூலத்தைத் தேடிப் போனதில்தான் அந்த மாணாக்கரின் பெருமை இருக்கிறது. 2016-இல் அவர் காலமானார். அவர் எழுதிய சிங்கங்கள் தேசத்தின் சட்டப் புஸ்தகத்தில் நிற்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

நந்தலாலின் பிறந்த நாள் டிஸம்பர் 3. அதற்கு முந்திய இரண்டு நாட்களிலும் கலாபவனத்தில் 'நந்தன் மேளா' நடப்பது 1973 முதல் வழக்கமாகியிருக்கிறது. மாணாக்கர்களும் ஆசிரியர்களும் தாங்கள் செய்த படம், பொம்மை, மட்பாண்டம் எல்லாவற்றையும் கடை பரப்பி விற்கிறார்கள். கிடைக்கும் பணம் மாணாக்கர் நல நிதிக்குப் போகிறது.

நம் சென்னையிலும் இதே பாடம் பலன் தந்ததுண்டு. அவனீந்திரரின் மற்றொரு மாணாக்கரான தேவி பிரசாத் ராய் சௌதுரி, 1929 முதல் எழும்பூர்ப் பள்ளியின் தலைவராயிருந்தார். கடற்கரையில் 1959-இல் வைக்கப்பட்ட 'உழைப்பாளர் சிலை' அவர் கைவேலை. அந்தப் பள்ளியில் படித்த 'சில்பி', கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதிய படங்களை 'ஆனந்த விகடன்' பக்கங்களில் தமிழ் வீடுகள் கண்டு களித்தன. தினம் கும்பிட்டுப்போன தூணில் இத்தனை அழகு இருந்ததா என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஆகவே, அடுத்த வருஷக் கடைசியில் நம் பிள்ளைகளின் பொருட்காட்சிக்குப் போகும்போது, "இது என்ன?" என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைப்போம். "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டுவிட்டு, விடையைப் பொறுமையாகக் கேட்போம். "பாட்டி அரிசி புடைக்கிறதைப் பார்த்து எழுதினேன்" என்று ஒரு பெண் சொல்லலாம். "எங்கள் தெரு முனையில் குடை ரிப்பேர் செய்கிறவரைப் பார்த்து எழுதினேன்" என்று ஒரு பையன் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்தக் குழந்தை கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது கேள்விக்கு அன்றே விடை கிடைக்காமற் போகலாம். ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையை நம்பி இன்னும் ஒரு வருஷம் சம்பளம் கட்டுவதில் பிசகொன்றும் இல்லை.