மண்ணில் சுட்ட கேக்!

நான் சென்னையில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில், "சொந்த ஊர் எது சார்?" என்று யாராவது கேட்டால், "திருமலைராயன்பட்டினம்" என்பேன். விழிப்பார்கள். "காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவுல" என்று விளக்கினால் போதும், முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியும்! கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாட்டி ஊருக்குப் போனா ஒண்ணே ஒண்ணு..." என்று கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டுவார்கள்.

புதுச்சேரி மாநிலத்து ஊராச்சே! மனசு சரியில்லை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறுதல் பாட்டிலில்தான் வரும் என்பது உலகத்தின் அபிப்பிராயம்.

எனக்கு அது ஒரு தையல் மெஷினிலும் ஒரு பழைய குக்கரிலும் வந்தது. சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

2020 மார்ச். 'நாலு நாள் லீவு' என்று ஊருக்கு வந்தேன். 25-ம் தேதி நாடே மூடிக்கொண்டது. மே மாதம் கம்பெனியிலிருந்து போன். ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். அவ்வளவு மரியாதையாகப் பேசும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆறு வருஷம் வரவு செலவு எழுதினவனை ஆறு நிமிஷத்தில் எழுதித் தள்ளிவிட்டார்கள்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் தெருவில் பாதி பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் அம்மா. அப்பாவுக்கு அப்புறம் மெஷினைத் தொடவில்லை. அதன்மேல் ஒரு பழைய போர்வை, போர்வைமேல் பேப்பர் கட்டு, கட்டுமேல் டார்ச் லைட். மெஷின் ஸ்டாண்டாகிவிட்டது.

ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சென்னை ரூம் வாடகை, பைக் டியூ, கிரெடிட் கார்டு என்று கூட்டிக்கொண்டிருப்பேன். எத்தனை தடவை கூட்டினாலும் அதே தொகை. கணக்கு சரியாக வந்து எரிச்சல்பட்டது அப்போதுதான்!

ஒருநாள் அம்மா தானாகவே போர்வையை எடுத்தாள். "மாஸ்க்கு இல்லாம வெளிய போகக் கூடாதாமே. தைக்கலாம்னு பாக்குறேன். கண்ணு தெரியல. ஊசில செத்த நூலக் கோத்துக் குடு தம்பி."

கோத்தேன். மறுநாள் "பாபின் சுத்திக் குடு." அதற்கு மறுநாள் "நேர்த் தையல்தானே, நீயே மிதியேன்." மிதித்தேன். நூல் அறுந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி அறுந்தது. "பின்னால மிதிக்கிறடா. மொதல்ல கையால சக்கரத்த உன் பக்கமா சுத்தி விடு, அப்புறம் காலு தானா போகும்" என்றாள். நாலாம் நாள் ஒரு மாஸ்க் முடிந்தது. போட்டுப் பார்த்தேன். மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்றாக இரண்டு பேர் போடலாம் போலிருந்தது.

'ஆம்பளை உட்கார்ந்து தைப்பதா' என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். தையல் மெஷினுக்கு 1830-ல் பேடன்ட் வாங்கியவர் பார்தெலமி திமோனியே என்ற பிரெஞ்சு டெய்லர். பாரீஸில் 80 மெஷின்களை வைத்து ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைத்தார். 'நம் பிழைப்பு போச்சு' என்று பயந்த மற்ற டெய்லர்கள் 1831-ல் திரண்டு வந்து மெஷின்களை நொறுக்கிவிட்டார்கள். மனுஷன் ஏழையாகவே 1857-ல் இறந்துபோனார். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண்ணில் உட்கார்ந்து, வேலை போன நான் மெஷின் மிதித்தபோது, அந்த மனுஷனும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

தைத்த மாஸ்க்கில் நாலைந்தை அடுத்த வீட்டு லாத்தாவுக்கு அம்மா கொடுத்தாள். பதிலுக்கு மதில்மேல் ஆறு முட்டையும் கொஞ்சம் வெண்ணெயும் வந்தது. பி.காம். படித்தபோது 'பண்டமாற்று முறையின் குறைபாடுகள்' என்று பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அத்தனையும் வாபஸ்!

"முட்ட இருக்கு. கேக்கு போடுவோமா?" என்றாள் அம்மா.

யூடியூப்பில் பார்த்தேன். கேக் செய்ய 'அவன்' வேண்டும் என்றது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே அவன் நான்தான்.

அம்மா அசரவில்லை. வேர்க்கடலை வறுக்க டப்பாவில் வைத்திருந்த ஆற்று மணலைப் பழைய குக்கரில் கொட்டினாள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றச் சொன்னாள். மணல் பத்து நிமிஷம் காய்ந்ததும் உள்ளே ஒரு சின்ன ஸ்டாண்டு, அதன்மேல் மாவு ஊற்றிய பாத்திரம், மூடி, சிம்மில் முக்கால் மணி. ஆற்று மணல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடும். அதனால் அடி தீயாது, நடு வேகும். "அந்தக் காலத்துல மூடி மேலயும் தணலப் போடுவோம்" என்றாள்.

மண்ணுக்கும் எங்கள் ஊருக்கும் பழைய கணக்கு உண்டு. திருமலைராயன் சபையில் காளமேகப் புலவரை யமகண்டம் பாடச் சொன்னார்களாம். கீழே தணலில் கொப்பரை கொதிக்க, மேலே உறியில் உட்கார்ந்துகொண்டு கேட்டதற்கெல்லாம் உடனே பாட வேண்டும். ஜெயித்தும் மரியாதை கிடைக்காத கோபத்தில் 'மண்மாரி பெய்யட்டும்' என்று ஊரையே வசை பாடிவிட்டுப் போய்விட்டார் என்பது கதை. அப்போது பெய்ததில் கொஞ்சம்தான் எங்கள் குக்கரில் இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் கேக்குக்குச் சாபம் பலித்தது. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி சமையல் சோடா போட்டேன். துணி சோப்பில் ஏலக்காய் வாசனை வந்த மாதிரி இருந்தது. காக்கா வந்தது, பார்த்தது, போய்விட்டது.

இரண்டாவது கேக் உப்பி வந்தது. நடுவில் தென்னங்குச்சியைச் செருகி எடுத்தேன். ஒட்டவில்லை! அம்மா டீயில் தொட்டு ஒரு துண்டு சாப்பிட்டாள். அப்பா போனபின் அவள் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். எனக்கு உள்ளூரப் பெருமை. பாவம், தனியாகக் கிடந்தவளை நான்தானே இப்படிக் கிளப்பிவிட்டேன் என்று.

அந்தப் பெருமை ராத்திரி எட்டு மணி வரை இருந்தது. கொல்லைப்பக்கம் மதிலோரம் அம்மா பேசுவது கேட்டது.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது லாத்தா. வேல போனதுலேருந்து புள்ள ராப்பூரா முழிச்சுக் கெடக்கான். கையில எதையாவது குடுத்தாதானே தூங்குவான்?"

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமலா என்னைக் கூப்பிட்டாள்? நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவள் எனக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தூங்கினேன்.

ஊரடங்கில் உலகமே மாவு பிசைந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைகளில் மைதாவும் ஈஸ்ட்டும் தீர்ந்துபோயின. காரணம் பசி மட்டும் இல்லை. நியூஸிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 658 இளைஞர்களை 13 நாள் டைரி எழுத வைத்து ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பின்னுவது, புதுசாக ஒன்று சமைப்பது என்று சின்னதாக எதையாவது உருவாக்கிய நாளுக்கு மறுநாள் மனசு உற்சாகமாக இருந்ததாம்.

ஆபீஸ் வேலைக்கு முடிவே கிடையாது சார். மார்ச் கணக்கை முடித்தால் ஏப்ரல் வந்து நிற்கும். கேக் அப்படியில்லை. முக்கால் மணியில் 'வெந்தேன்' அல்லது 'வேகவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வெந்தால் நாலு பேர் சாப்பிடலாம். வேகாவிட்டால் நஷ்டம் இரண்டு முட்டை. வாழ்க்கையில் இவ்வளவு மலிவான தோல்வி வேறு எங்கே கிடைக்கும்?

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கேக் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. பைக்கை விற்றுத்தான் கடனை அடைத்தேன். இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு, மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எழுதிக்கொண்டு நிமிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்த ஒரு வருஷமும் ராத்திரிகளைக் கடந்து வந்தேன் அல்லவா, அதற்குக் காரணம் குக்கரும் மெஷினும்தான்.

மேன்ஷன் ரூமில் இருக்கும் பிரம்மச்சாரிகளே, ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, நாலு பட்டன் வாங்கி வையுங்கள். மனசு சரியில்லாத அன்றைக்குச் சட்டையில் விழுந்த பட்டனை நீங்களே தைத்துப் பாருங்கள். இரண்டு தடவை விரலில் குத்தும். மூன்றாவது தடவை பட்டன் நிற்கும். கூடவே நீங்களும்!

போர்வை இப்போது அம்மா தோளில் இருக்கிறது, மெஷின்மேல் இல்லை. நேற்றுகூட "கண்ணு தெரியல தம்பி, நூலக் கோத்துக் குடு" என்றாள். நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கோத்துக் கொடுத்தேன்.