செல் சாகவில்லை, சக்திதான் இல்லை

மார்பகப் புற்றுநோய்க்கு ‘ஹெர்செப்டின்’ போட்டுக்கொள்ளும் பெண்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்து வரச் சொல்கிறார்கள் டாக்டர்கள். கட்டி மார்பில் இருக்க, சோதனை இதயத்துக்கு எதற்கு?

ஹெர்செப்டினின் மருந்துப் பெயர் டிராஸ்டுசுமாப். இது 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டிபாடி. மார்பகப் புற்றுநோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் புற்றுச்செல்களின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். ‘பெருகு’ என்று செல்லுக்குக் கட்டளை போவது அதன் வழியாகத்தான். மருந்து அதைப் பற்றிக்கொண்டு கட்டளையை முடக்குகிறது.

அதே ஹெர்-2 இதயத் தசைச் செல்களிலும் கொஞ்சம் இருப்பதுதான் சிக்கல். அங்கே அதன் வேலை பெருக்குவது அல்ல, பளுவைத் தாங்க வைப்பது. எலிகளின் இதயத் தசையில் மட்டும் ஹெர்-2 புரதத்துக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது இதயம் வீங்கித் தளர்ந்துபோனதை 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதற்கு முந்தைய ஆண்டே மனிதர்களிடம் எச்சரிக்கை வந்துவிட்டது. ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயச் செயல்பாடு பாதித்தது. அந்தக் கீமோ மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம்.

ஆந்த்ராசைக்ளின் இதயச் செல்களைக் கொல்லும், போனது போனதுதான். டிராஸ்டுசுமாப் அப்படியில்லை. 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மனித ஸ்டெம் செல்களிலிருந்து இதயத் தசைச் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் மருந்தை இட்டார்கள். துடிப்பு வலுவிழந்தது, கால்சியம் உள்ளே வந்துபோகும் ஒழுங்கு குலைந்தது. ஆனால் செல்கள் சாகவில்லை, தசையிழைகளும் கலையவில்லை. கெட்டிருந்தது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபியைத் தயாரிக்கும் மின்நிலையம் அது. நொடிகூட ஓய்வில்லாத தசைக்கு அங்கே உற்பத்தி குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செல்லின் சக்தி இருப்பைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியைத் தூண்டியதும் பாதிப்பு விலகியது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஆனால் இது ஆய்வகத் தட்டில் கண்டது. இதை நம்பி யாரும் தாமாக மாத்திரை தேடக் கூடாது.

டிராஸ்டுசுமாபை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இதயம் தேறுவதும், செல்கள் சாகவில்லை என்பதோடு பொருந்துகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப்.’ என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதன் கணக்கு. 62 இருந்தது 46 ஆனால், மூச்சிரைப்பே இல்லாவிட்டாலும், குறைந்தது நான்கு வாரம் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. எண் ஏறினால் மறுபடி தொடங்கலாம்.