குக்கரும் மலை ரயிலும்: கொதிகலன் கற்றுத்தரும் பாதுகாப்புப் பாடம்

அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நீராவி ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். பெயிண்ட் டப்பாதான் கொதிகலன். மூடியைச் சுற்றி ஈயப்பற்று. ஒரே ஒரு மெல்லிய செம்புக் குழாய் வழியாக நீராவி பீறிட்டு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அடியில் ஸ்பிரிட் விளக்கு.

"பத்த வைக்கட்டுங்களா சார்?" என்றான்.

"இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீராவி எந்த வழியாகப் போகும்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, "வேற வழி இல்லீங்க சார்" என்றான். விளக்கை எடுத்து ஓரமாக வைத்தோம். அன்று நடந்த உரையாடலே இக்கட்டுரைக்குக் காரணம்.

கணக்கு சொல்வது என்ன?

எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் 'விசையும் அழுத்தமும்' பாடமே இதற்குப் போதும். 10 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. வெளியே இருப்பதைவிட உள்ளே சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் கூடினால், அந்த மூடியை 78 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். அழுத்தம் 3 கிலோ ஆனால் 235 கிலோ.

நீராவிதான் ஆபத்து என்று நினைக்கிறோம். ஆனால், பெரும்பகுதி ஆற்றல் சூடான நீரில்தான் இருக்கிறது. அந்த 1 கிலோ அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். கலன் பிளந்தால் அழுத்தம் நொடியில் இறங்கும். 100 டிகிரிக்கு மேல் அது நீராக நிற்க முடியாது. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 37 கிராம் அக்கணமே நீராவியாகி, 60 லிட்டருக்கும் அதிகமாக விரியும். வெடிப்பு என்பது இதுதான்.

குக்கரில் உள்ள காவலர்கள்

வீட்டு குக்கரைப் பாருங்கள். அழுத்தம் மிகுந்தால் வெயிட் எழுந்து நீராவியை வெளியேற்றும். அந்தத் துளை அடைத்துக்கொண்டாலோ, நீர் வற்றிவிட்டாலோ, மூடியிலுள்ள சேஃப்டி வால்வு உருகி வழிவிடும். ஒரு காவலர் தவறினால் இன்னொருவர்.

ரயில் எஞ்சினிலும் இதே முறைதான். நம் மேட்டுப்பாளையத்தில் புறப்படும் நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது. பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர். 3 மீட்டர் நீளக் கொதிகலன் ஒன்றை இந்தச் சரிவில் நிறுத்தினால், இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்டம் 24 செ.மீ. வேறுபடும். நெருப்பறையின் மேல்தகட்டை நீர் மூடாவிட்டால், தகடு சூடேறி வலுவிழக்கும். அதனால்தான் ஓட்டுநரின் கண் நீர்மட்டக் கண்ணாடியை விட்டு அகலாது. நீராவி எஞ்சின்களில் பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி ஆகியவற்றுடன், நீர் குறைந்தால் உருகும் ஈயச் செருகியும் வைப்பது வழக்கம்.

முதலில் குளிர்ந்த நீர், பிறகுதான் நெருப்பு

மாதிரி எஞ்சின்களைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள், கொதிகலனைச் செம்புத் தகட்டில் அமைத்து வெள்ளிப்பற்றால் இணைப்பார்கள். வெள்ளிப்பற்று உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண ஈயப்பற்றோ 190 டிகிரிக்குள் இளகிவிடும். நீர் வற்றிய டப்பா அந்த வெப்பத்தை எளிதில் எட்டும்.

இங்கிலாந்து மாதிரி எஞ்சின் சங்கங்களில் புதிய கொதிகலனைக் காற்றில்லாமல் குளிர்ந்த நீரால் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். காற்றை ஏன் பயன்படுத்துவதில்லை? காற்று அமுங்கி ஆற்றலைச் சேமிக்கும்; கலன் உடைந்தால் துண்டுகள் பறக்கும். நீர் ஏறக்குறைய அமுங்காது. விரிசல் விட்டால் சொட்டும், அவ்வளவுதான். மாணவர்களிடம் கேட்பதற்கு இது ஒரு நல்ல கேள்வி.

ஆய்வாளர் யார்?

திருப்பூர் சாயப்பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் நம் மாணவர்களின் பெற்றோர் பலர் பாய்லர் அருகே வேலை செய்கிறார்கள். அந்தப் பாய்லர்களை அரசு ஆய்வாளர் சோதித்துச் சான்று தருகிறார். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. ஆனால், 25 லிட்டருக்குக் குறைந்த கலன்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. பள்ளிக் கண்காட்சியின் டப்பாவைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அங்கே ஆய்வாளர் நாம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

• முழுவதும் மூடிய டப்பா, பாட்டில் எதையும் சூடாக்க அனுமதிக்கக் கூடாது.
• மாதிரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வழி அடைத்தால் நீராவி எங்கே போகும்?"
• நீராவியின் ஆற்றலைக் காட்ட, குழாய் முனைகள் திறந்தே இருக்கும் திருவிழாக் கடை 'டப் டப்' படகு போதும். அதையும் ஆசிரியரே பற்றவைக்க வேண்டும்.
• பழைய குக்கர் மூடி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, வெயிட், சேஃப்டி வால்வு, கேஸ்கெட் ஆகியவற்றை மாணவர்களே அடையாளம் காணச் செய்யலாம்.

அந்த மாணவனின் எஞ்சின் வீணாகவில்லை. டப்பாவைக் கழற்றிவிட்டு, சைக்கிள் பம்பின் காற்றை நேரே குழாயில் செலுத்தினோம். சக்கரம் சுழன்றது. கண்காட்சியில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு குக்கர் மூடியையும் வைத்து, டப்பாவை ஏன் கழற்றினோம் என்பதை வந்தவர்களுக்கெல்லாம் அவனே விளக்கினான்.