கொலைக் கேஸில் சாட்சி சொன்ன ரத்தம்!

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு கொலை வழக்கில் இந்தப் பேச்சே சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது!

டென்னசி மாநிலம். 2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரிந்து வாழ்ந்த மனைவி, குழந்தைகளைக் கணவனிடம் விட்டுச் செல்ல வந்தாள். துணைக்கு ஒரு தோழியும் வந்தாள். சண்டை மூண்டது. தோழியை அவன் சுட்டுக் கொன்றான். மனைவியைக் கத்தியால் வெட்டினான். அவள் உயிர் பிழைத்தாள்.

2009-ம் ஆண்டு விசாரணை நடந்தது. கொன்றவன் அவன்தான் என்பதில் தகராறு இல்லை. அரசாங்க வக்கீல் மரண தண்டனை கேட்டார்.

அப்போது எதிரியின் தரப்பில், வில்லியம் பெர்னெட் என்ற மனநோய் டாக்டர் சாட்சி சொன்னார். "இவன் ரத்தத்தைச் சோதித்தோம். இவனுடைய ஜீனில் ஒரு விசேஷம் இருக்கிறது" என்பதே அவர் சாட்சியத்தின் சாரம்.

அது என்ன ஜீன்?

பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரும் பரம்பரைக் குறிப்புகளே ஜீன்கள். அவற்றில் ஒன்றின் பெயர் எம்.ஏ.ஓ.ஏ. ஆண் பிள்ளைக்கு இது தாயிடம் இருந்தே வரும். மூளையில் வேலை முடிந்த சில ரசாயனப் பொருள்களை அழிக்க இந்த ஜீன் உதவுகிறது. சிலருக்கு இது மந்தமாக வேலை செய்யும். அவனுக்கும் அப்படித்தான்.

அது மட்டும் அல்ல. அவன் சிறு வயதில் அடியும் உதையும் பட்டு வளர்ந்தவன்.

நியூசிலாந்தில் டுனடின் என்ற நகரம் இருக்கிறது. அங்கு பிறந்த ஆண் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்த விஞ்ஞானிகள், 2002-ம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மந்த ஜீனும், சிறு வயதுக் கொடுமையும் சேர்ந்தால், பெரியவன் ஆனதும் வன்முறையில் இறங்குவது அதிகம். கொடுமைக்கு ஆளாகாத பிள்ளைகளிடம் அப்படி இல்லை!

தீர்ப்பு என்ன?

"திட்டமிட்ட கொலை அல்ல, ஆத்திரத்தில் நடந்தது" என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். அவனுக்கு 32 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஜீன் சாட்சியமும் ஒரு காரணம் என்று ஜூரிகளில் சிலர் பின்னர் கூறினார்கள்.

எல்லாக் கோர்ட்டும் இப்படி அல்ல. ஜார்ஜியா மாநிலத்தில் 1990-களில், வேறொரு கொலைக் குற்றவாளிக்கு இந்தச் சோதனை நடத்தவே கோர்ட்டு மறுத்துவிட்டது. 2005-ம் ஆண்டு அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. இத்தாலியில் டிரியஸ்டே நகர அப்பீல் கோர்ட்டோ, 2009-ம் ஆண்டு ஒரு கொலையாளிக்கு ஓர் ஆண்டு தண்டனையைக் குறைத்தது!

குற்றவாளி யார்?

மேல்நாட்டு ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மந்த ஜீன் இருக்கிறது. அத்தனை பேருமா கொலை செய்கிறார்கள்? இல்லையே!

இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. "பிறவிக் குணம், இரக்கம் காட்டுங்கள்" என்பார் ஒரு வக்கீல். "பிறவிக் குணமானால் மாறவே மாட்டான், வெளியே விடாதீர்கள்" என்பார் எதிர் வக்கீல்.

பிள்ளைக்கு எந்த ஜீன் வரும் என்பது தாய் கையிலும் இல்லை; தந்தை கையிலும் இல்லை. ஆனால், அடிக்க ஓங்கும் கை அவர்களுடையதுதான். அதை இறக்கிவிட முடியும்!