நெடுந்தீவில் ஒரு குடம் நன்னீர்

ஆடி பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியதே. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேர்ந்ததா, வெண்ணாற்றில் எவ்வளவு விட்டார்கள், கடைமடைக்கு எட்டுமா என்பனவே திண்ணைதோறும் எழும் வினாக்கள். முன்னோ பின்னோ ஆற்றில் நீர் வரும் என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பப்பட்டது நம் வாழ்வு. ஆறு என்பதே இல்லாத ஊரில் மனிதர் எங்ஙனம் வாழ்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க நமக்கு வாய்ப்பு அரிது. அத்தகைய மக்கள் நமக்கு அண்மையிலேயே, நாகைக் கடலுக்கு அப்பால், நம் மொழியையே பேசி வாழ்கின்றனர். அவர்களுடைய ஊர் நெடுந்தீவு.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். யாழ்ப்பாணம் சென்று, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தால், அப்பால் படகில் ஒரு மணி நேரம். இவ்வழியே ஓர் ஆடி மாதத்தில் நாம் தனியே சென்று, மூன்று நாட்கள் அத்தீவில் தங்கினோம்.

அப்படகில் ஏறுவோர் ஒரு கணம் மௌனமாய் நிற்பது தகும். 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகில் சென்ற பொதுமக்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர், குழந்தைகள் உட்பட, கடலிலேயே கொல்லப்பட்டனர். அத்தீவு மக்களுக்குக் கடல் வழியுமாகும், கல்லறையுமாகும்.

காற்றும் கல்லும்

நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். மலை இல்லை, ஆறு இல்லை, எங்கும் வெண்மையான சுண்ணக்கல். கடலில் விளைந்த பவளக் கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வேலியாக்கியுள்ளனர். மரக்கிளை கொண்டு வேலி கட்டும் நமக்கு அது புதுமை. கல்லின் இடைவெளிகளில் காற்று புகுந்து செல்வதால் சுவர் சாய்வதில்லை. காற்றை எதிர்க்காமல் வழிவிட்டு நிற்கும் சுவர் அது!

தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்றைச் சோழகம் என்கின்றனர். நம் சோழ நாட்டின் பெயர் காதில் விழுவதுபோல் இருக்கும். ஆனால் அது மழையைக் கொணர்வதில்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிச் செல்வது. இரவு முழுவதும் பனையோலைகளின் சலசலப்பு ஓய்வதில்லை. தனியே படுத்திருக்கும் வழிப்போக்கனுக்கு முதல் இரவில் உறக்கம் வருவது அரிது.

டெல்ஃப்ட் என்ற தம் நாட்டு நகரின் பெயரை இத்தீவுக்குச் சூட்டியவர் ஒல்லாந்தர். அவர்கள் இங்கே குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் கூட்டங் கூட்டமாய்த் திரிகின்றன. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடை நீளும் ஆண்டுகளில் அக்குதிரைகளுக்குக் குடிநீர் கிடைப்பதே பெரும்பாடு. அரபு வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெருக்கமரம் ஒன்றும் அங்குண்டு. மழைக்காலத்து நீரைத் தன் பருத்த உடலில் தேக்கி வறட்சியைக் கடக்கும் மரம் அது.

கிணற்றின் கணக்கு

நாம் தங்கிய வீட்டில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. முற்றத்து வாளியில் இருந்தது உவர்நீர். குளிப்பதற்கும் கழுவுவதற்கும் அதுவே. அடுப்படியில் மூடி வைத்த குடத்தில் நன்னீர். சாரப்பிட்டி போன்ற சில இடங்களிலேயே நல்ல நீர் ஊறுவதால், அதைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். அவ்வீட்டு மூதாட்டி அந்தக் குடத்தை நம் அருகில் வைத்து, “சுவாமி, குடிக்கிற தண்ணிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், விடாய்க்கிற நேரமெல்லாம் குடியுங்கோ” என்றார். தம் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் செம்பால் அளந்தே கொடுத்தார்.

அங்கே கிணறு என்பது மழையின் சேமிப்பு. பெய்த மழை சுண்ணக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை அது உப்பை அழுத்தி வைக்கும் என்பது அறிவியலார் கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். ஒருவர் பேராசையால் மிகுதியாய் இறைத்தால் அண்டை வீட்டாரின் கிணறும் உவர்க்கும். ஆகவே அங்குத் தண்ணீர்ச் சிக்கனம் வெறும் வீட்டுச் செட்டு அன்று. அயலானுக்குச் செலுத்தும் நீதி.

உலர்த்தும் அக்காற்றுக்கும் ஒரு நற்பணி காத்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றையும் கதிரொளியையும் கொண்டு மின்சாரம் ஆக்குவதற்கு, இந்திய அரசின் நிதியுதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது.

நமக்கு எட்டிய உப்பு

இது யாரோ தீவாரின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். கடலோரத்து நாகை, வேதாரண்யம் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை நம் உழவர் அறிவர். அளவுக்கு மேல் ஆழ்குழாய்க் கிணறுகளால் உறிஞ்சும்போது கடல் உள்ளே வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது காற்றின் வலிமையையும் கண்டோம். நெடுந்தீவார் கல்லிலும் காற்றிலும் கற்ற பாடத்தை, வண்டல் மண்ணில் வாழும் நாமும் கற்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஊர்க் குளத்தைத் தூர்வாரிக் காப்பது, கூரை மழையை நிலத்துக்குள் இறக்குவது, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகாதிருப்பது: இவை ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலும். பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் கடமை.

யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் நீர் கேட்ட நம் ஆண்டவரும் அவ்வேளையில் ஒரு தனி வழிப்போக்கரே. தாகத்தோடு வருபவனுக்குக் கொடுக்கக் குடத்தில் நீர் இருக்க வேண்டுமானால், கிணற்றை இன்றே காக்க வேண்டும். காவிரி நிறைந்தோடும் நாளிலேயே நாம் அதைத் தொடங்குவோமாக.